பந்தியும் பிரமாணமும்: தமிழ்க் கிறித்தவத்தில் மீட்பு பற்றிய ஒரு பழைய வழக்கு

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்தால் வேலப்பன்சாவடி. இன்று கல்லூரிகளும் மருத்துவமனைகளும் லாரிகளும் நெருக்கியடிக்கும் ஒரு சந்திப்பு அது. ஊரின் பெயரில் மட்டும் ஒரு சாவடி மிச்சமிருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் இடத்தைச் சாவடி என்பது தமிழ் வழக்கு. நம் நாட்டில் வழிப்போக்கர் கூடும் இடத்தில் முதலில் எழுந்த கேள்வி யார் எங்கே படுப்பது என்பதாக இருந்திராது. யார் சமைத்ததை யார் உண்பது, யாருடன் அமர்ந்து உண்பது என்பதாகவே இருந்திருக்கும்.

இந்தச் சாலையில் மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். அந்தணரல்லாத குலத்தில் பிறந்த அவரைத் தம் இல்லத்துக்கு உணவருந்த அழைத்தார் இராமானுசர். அடியவர் உண்ட மிச்சிலை உண்டு தாம் உய்ய வேண்டும் என்பது அவரது விருப்பம். அவர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு போய்விட்டார். இராமானுசரின் மனைவியோ உண்ட இடத்தைத் தூய்மை செய்து, மீந்ததை அப்புறப்படுத்தி, நீராடி, புதிதாகச் சமைத்துவிட்டார். குருபரம்பரை நூல்கள் விரிவாகச் சொல்லும் இக்கதையில் மனைவி எந்தத் தவறும் செய்யவில்லை, ஆசாரத்தையே கடைப்பிடித்தார். ஆனால் கணவர் தேடிய பேறு அந்த ஆசாரத்தால் கைநழுவிப் போயிற்று. அருளுக்கும் ஆசாரத்துக்குமான முரண்பாடு இங்கே ஓர் இலையின் முன்னால் நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே சாலையில் கிழக்கே, நகருக்குள் சென்றால் வேப்பேரி. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சீர்திருத்தக் கிறித்தவத்தின் சென்னைத் தலைமையிடமாக இருந்த பகுதி அது. அங்கும் ஒரு காலத்தில் இதே முரண்பாடு வெடித்தது. இலைக்குப் பதில் திருவிருந்தின் கிண்ணம். சொல்லப்பட்ட மேற்கோள்கள் பவுலின் நிருபங்களிலிருந்து. சமயச் சட்டம் மனிதனை மீட்குமா என்ற கேள்வியை ஐரோப்பிய இறையியலின் உட்பூசலாகவே நாம் பெரும்பாலும் படித்துவருகிறோம். அந்தக் கேள்வி தமிழ் மண்ணில் என்னவாயிற்று என்பதையே இக்கட்டுரையில் பார்க்க விழைகிறோம்.

கேள்வியின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டவர்கள். யூதரல்லாதோரும் இயேசுவை ஏற்கத் தொடங்கியபோது, அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு அந்தச் சட்டத்துக்கு உட்பட்டால்தான் மீட்பு உண்டா என்ற வினா எழுந்தது. கி.பி. 50-ஐ ஒட்டி எருசலேமில் கூடிய சபை, அவ்வளவு தேவையில்லை, விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொல்லப்பட்ட விலங்கு, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை விலக்கினால் போதும் என்று முடிவு செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது.

முடிவு ஏட்டில் இருந்தது, பந்தியில் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத கிறித்தவர்களுடன் சேர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் தரப்பார் சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும் விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடித்த கையோடுதான், மனிதன் நீதிமானாவது சட்டத்தின் செயல்களால் அன்று, விசுவாசத்தாலேயே என்ற கருத்தைப் பவுல் முன்வைக்கிறார். கிறித்தவ இறையியலின் மிகப் புகழ்பெற்ற கோட்பாடுகளுள் ஒன்று, யாரோ சிலர் பந்தியிலிருந்து எழுந்து போனதைக் கண்டு எழுந்த சினத்தில் வந்து நிற்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பாக வழக்கமாகக் காட்டப்படுவது யாக்கோபின் நிருபம். செயலற்ற விசுவாசம் செத்தது என்பது அதன் வாதம். லூத்தர் 1522-இல் தம் புதிய ஏற்பாட்டு முன்னுரையில் இந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டுத் தாழ்த்தினார். ஆனால் அந்த வாதம் வரும் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? சபைக்குள் பொன் மோதிரம் அணிந்தவன் வந்தால் நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தவன் வந்தால் கால்மாட்டில் இடமும் கொடுக்கிறீர்களே என்ற கண்டனத்தோடு தொடங்குகிறது. ஆக, சட்டத்தைத் தள்ளுவதாகச் சொல்லப்படும் பகுதி பந்தியில் பிறக்கிறது. செயலை வலியுறுத்தும் பகுதி இருக்கையில் பிறக்கிறது. இரண்டும் பேசுவது ஒரே சங்கதியை. பின்வந்த பதினைந்து நூற்றாண்டுகளில் இந்தப் பந்தியும் இருக்கையும் மெல்ல மறைந்து, ஆன்மாவின் உட்கணக்கு மட்டும் மிஞ்சியது.

அந்தக் கணக்கின் உச்சம் பதினாறாம் நூற்றாண்டு. சட்டம் மனிதனுக்கு அவனுடைய பாவத்தைக் காட்டும் கண்ணாடி. முகத்தின் அழுக்கைக் காட்டுமே தவிரக் கழுவாது என்பது லூத்தர் வழியினரின் விளக்கம். சட்டம் கொடியோரைக் கட்டுப்படுத்தும் கடிவாளமும் ஆகும். மீட்கப்பட்ட பின்னரும் அது வழிகாட்டியாக நிற்குமா என்பதில் அவர்களுக்குள்ளேயே சர்ச்சை மூண்டு, 1577-இன் இணக்க அறிக்கை ஆம் என்று முடித்துவைத்தது. கத்தோலிக்கத் தரப்போ 1547-இல் திரெந்து சங்கத்தில், அருளே தொடக்கம், எனினும் மனிதன் அதனோடு ஒத்துழைக்க வேண்டும், கட்டளைகளைக் கைக்கொள்ளும் கடமை நீங்குவதில்லை என்று வரையறுத்தது. இந்த இரு தரப்பாரும்தாம் பின்னர் தமிழகத்தின் கடற்கரைகளில் வந்து இறங்கினார்கள்.

இறங்கியதும் சொல்லிலேயே ஒரு சிக்கல் காத்திருந்தது. போர்த்துகீசியர் ஒரு சமயத்தைக் குறிக்கத் தம் மொழியில் சட்டம் என்னும் சொல்லையே வழங்கினர். தமிழில் அதற்கு ஈடாக நின்றது வேதம். ‘நீ எந்த வேதம்?’ என்ற கேள்விக்கு, எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்கிறாய் என்பதே அவர்கள் காதில் விழுந்த பொருள். கிறித்தவர்கள் வேதக்காரர்கள் எனப்பட்டார்கள். பிற்காலச் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் மோசேயின் சட்டத்துக்கு நியாயப்பிரமாணம் என்ற சொல் நிலைபெற்றது. 1995-இல் வெளியான திருவிவிலியம் அதைத் திருச்சட்டம் என்கிறது. நியாயம், பிரமாணம் ஆகிய இரண்டும் நம் தருக்க நூல்களின் வாசனை உடையவை. திருச்சட்டமோ நீதிமன்றத்தை நினைவூட்டுவது. ஆனால் இவ்விரு சொற்களுமே, அந்தியோகியாவில் உண்மையில் பிரச்சினையாக இருந்ததைத் தமிழ் வாசகனுக்கு உணர்த்துவதில்லை. யாருடன் உண்ணலாம், எதைத் தொட்டால் தீட்டு என்பதற்குத் தமிழில் உள்ள சொல் ஆசாரம். அந்தச் சொல்லைப் போட்டுக் கலாத்தியர் நிருபத்தைப் படித்தால், அது நம் தெருவில் எழுதப்பட்டது போல் இருக்கும்.

ஆசாரத்தை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர் இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்தவர். அங்கே ஏற்கெனவே ஒரு கிறித்தவச் சபை இருந்தது, பரவர்களுக்காக நடந்துவந்தது. பரங்கியர் வேதம் என்று உயர்சாதியார் ஒதுக்கியதைக் கண்ட நொபிலி, அந்தச் சபையிலிருந்து விலகித் தனித்து வாழ்ந்தார். காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற அந்தணர் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்திருக்க இசைந்தார். இவை குடிமை அடையாளங்கள், மீட்புக்கு உதவுவனவும் அல்ல, தடுப்பனவும் அல்ல என்பது அவர் வாதம். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இதைப் பெருமளவுக்கு ஏற்று ஆணை பிறப்பித்தார்.

இது எருசலேம் சபையின் முடிவைத் தமிழகத்துக்குப் பெயர்த்தது போன்ற ஒன்று. யூதராகாமலே கிறித்தவராகலாம் என்றால், பரங்கியாகாமலே கிறித்தவராகலாம் என்பதும் நியாயம்தானே. நொபிலியின் பெருமை இங்கே இருக்கிறது. ஆனால் அவர் பூணூலை மட்டும் அனுமதிக்கவில்லை. பூணூல் அணிந்தவன் யாரை விலக்கினானோ அந்த விலக்கையும் அனுமதித்தார். எருசலேமின் தீர்ப்பைக் கொண்டுவந்தவர், அந்தியோகியாவின் கண்டனத்தைக் கொண்டுவரவில்லை.

அந்தக் கண்டனம் எட்டுப் பத்தாண்டுகள் கழித்து உரோமையிலிருந்து வந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்றுக் கிடக்கும் பறையரின் வீட்டுக்கே குருக்கள் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதும் ஒரு விதி. தீண்டாதார் குடிசைக்குள் நுழைந்த குருவை உயர்சாதியார் பிறகு தம் வீட்டில் அனுமதிக்கமாட்டார்கள் என்று இயேசு சபையினர் முறையிட்டுப் பார்த்தனர். வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை தந்தபோது கண்டெடுக்கப்பட்ட வழி, உயர்சாதியாருக்கு ஒருவகைக் குருக்கள், ஒடுக்கப்பட்டோருக்கு வேறுவகைக் குருக்கள் என்பதே. சாவுப் படுக்கையில் கிடந்தவனுக்குக் குரு கிடைத்தார். ஆணை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. குடிசையின் எல்லை மட்டும் அப்படியே இருந்தது. சட்டத்தின் எழுத்தைப் பற்றிப் பவுல் கவலைப்பட்டது ஏன் என்று விளங்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

லூத்தர் வழியினரின் கதை 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்து இறங்கினர். சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்கக் கற்க ஒரு வியப்பு காத்திருந்தது. சட்டம் என்ற ஒன்றை இம்மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்கத் தேவையே இல்லை. நீதி நூல்கள் இவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. 1708-இல் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். யூதரல்லாதோரின் இதயத்திலும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று பவுல் உரோமருக்குச் சொன்னதற்குக் கண்கண்ட சான்றாக ஔவையின் வரிகள் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இவர்களிடம் அறம் இருக்கிறது, அருள் பற்றிய செய்திதான் இல்லை என்பது அவர் நிலை. 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழர் கிரூண்ட்லரும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பிய தமிழர் கடிதங்களில் எதிர்க்கேள்வியும் இருந்தது. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், உங்களவர் ஒழுக்கம் அப்படி இல்லையே என்பது அதன் சாரம். அருளை நம்பியவர்களை அறத்தை நம்பியவர்கள் கேட்ட கேள்வி அது. யாக்கோபு கேட்ட கேள்வியும் அதுவேதான்.

தரங்கம்பாடியில் ஒரே கூரையின்கீழ் வெள்ளாளரும் பறையரும் தனித்தனி இடங்களில் அமர்ந்தனர். திருவிருந்தில் முன்னவர் பருகிய பின்னரே பின்னவர் முறை. இதன் விலையைத் தம் வாழ்க்கையில் கொடுத்தவர் இராசநாயக்கன். பறையர் குலத்தவர், தஞ்சை அரசின் படைவீரர், கத்தோலிக்கராக இருந்தவர். அச்சிட்ட புதிய ஏற்பாட்டைப் படித்துத் தரங்கம்பாடியாரிடம் வந்து சேர்ந்தார். தஞ்சைச் சீமையில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்து 1771-இல் மறைந்தார். 1733-இல் வெள்ளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். 1741-இல் தியோகு பெற்றார். இராசநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் ஐயுறவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தை வாங்க மற்ற சாதிக் கிறித்தவர் இசையமாட்டார்கள் என்றே தயங்கினர். அவருக்கு அபிஷேகம் நடக்கவே இல்லை. விசுவாசம் ஒன்றே போதும் என்பதை உலகுக்கு அறிவித்த மரபில், விசுவாசம் ஒன்றை மட்டும் வைத்திருந்த ஒருவருக்கு அது போதவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் புண் வெளிப்படையாக உடைந்தது. 1826-இல் திருச்சிராப்பள்ளியில் இறந்த ஆயர் ஹீபர், சாதி குறித்து மென்மையாக நடக்க விரும்பியவர். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் கல்கத்தா ஆயராக வந்த டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடு முழுமையாக, உடனடியாக ஒழிய வேண்டும். இருக்கையில் பிரிவு கூடாது, திருவிருந்தில் முன்பின் கூடாது என்பது அதன் கருத்து. வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிச் சபைகள் கொந்தளித்தன. பலர் வெளியேறினர். 1835-இன் தொடக்கத்தில் வில்சன் தாமே தஞ்சைக்கு வந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை.

எதிர்ப்பின் குரல் சாதாரணமானதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், 1774-இல் பிறந்தவர், சுவார்ட்ஸின் வளர்ப்பு, இரண்டாம் சரபோஜியின் நண்பர், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர், சாதியைத் திருத்த முனைவதன் பேதைமை குறித்து 1829-இலேயே ஒரு நூல் எழுதியிருந்தார். புதிதாக வந்த மிஷனரிகள்மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகள் சாதியோடு நிற்கவில்லை. பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விழாக்களில் பூச்சூடுவதைத் தடுக்கிறார்கள், கோயிலில் தமிழிசையைத் தள்ளுகிறார்கள் என்பனவும் சேர்ந்தே வந்தன. இவற்றை ஒரு மூட்டையாகக் கட்டியதில்தான் அவர் வாதத்தின் வலிமையும் இருக்கிறது, அதன் கோளாறும் இருக்கிறது. பூவையும் பாட்டையும் தடுக்க ஐரோப்பியனுக்கு என்ன உரிமை என்று அவர் கேட்டால் நாம் அவர் பக்கமே நிற்போம். அந்த உரிமைக் குரலோடு, ஒருவனுக்குப் பிறகே மற்றவன் கிண்ணத்தைத் தொட வேண்டும் என்பதும் சேர்ந்து வரும்போது தயங்குகிறோம். பூ யாரையும் பந்தியிலிருந்து எழுப்பவில்லை.

இந்த எதிர்ப்புக்கு இறையியல் வடிவம் கொடுத்தவர்கள் ஜெர்மானியர். 1840-களில் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடியின் பழைய பணியை ஏற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849-இல் புறப்பட்டு, தமிழகத்தில் தங்கிப் படித்து, 1853-இல் நாடு திரும்பினார். திருக்குறளை 1856-இல் ஜெர்மனில் தந்தவரும் இவரே. சாதி என்பது பெரிதும் சமூக நிறுவனம். நற்செய்தியின் ஒளியில் அது உள்ளிருந்து மெல்லக் கரைய வேண்டும். அதைக் கைவிட்டால்தான் திருவிருந்து என்று நிபந்தனை விதிப்பது நற்செய்தியைப் புதிய நியாயப்பிரமாணமாக்குவதாகும் என்று அவர் தரப்பு வாதிட்டது. ஆங்கிலிக்கச் சபையிலிருந்து வெளியேறிய பலருக்கு லைப்சிக் சபைகள் புகலிடமாயின. ஆனால் அந்த மிஷனுக்குள்ளேயே இந்நிலையை ஏற்காமல் பிரிந்தவர்களும் உண்டு.

கிரவுலின் வாதம் தருக்கத்தில் பிழையற்றது. கட்டாயத்தால் வரும் செயல் விசுவாசத்தின் கனியாகாது என்பதை லூத்தரைப் படித்த எவரும் மறுக்க முடியாது. வில்சனின் ஆணையிலும் குறை உண்டு. ஆளும் இனத்தின் ஆயர் ஒருவர் ஆளப்படுவோர்மீது சுற்றறிக்கையால் சமத்துவத்தைச் சுமத்துகிறார். ஐரோப்பியரின் சொந்தச் சாப்பாட்டு மேசைகளுக்கு எத்தனை தமிழ்க் கிறித்தவர் அழைக்கப்பட்டனர் என்ற கேள்வி அந்தச் சுற்றறிக்கைக்கு வெளியே நிற்கிறது. ஆயினும் நமக்கு ஒன்று தெளிவாகப் படுகிறது. சட்டம் மீட்காது என்ற வாக்கை அந்தியோகியாவில் பவுல் யாரிடம் சொன்னார்? பந்தியிலிருந்து எழுந்து போனவர்களிடம், உட்கார்ந்த இடத்தில் தனித்து விடப்பட்டவர்களுக்காகச் சொன்னார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதே வாக்கைச் சொன்னவர்கள் எழுந்து போனவர்களே. சொல் மாறவில்லை. சொன்னவர் நின்ற இடம் மாறிவிட்டது. அந்த இடமாற்றத்தில் விடுதலைக் கோட்பாடு ஒன்று விலக்கின் காவலாளியாக ஆயிற்று.

இந்த வழக்கில் மூன்றாவதாக ஒரு தமிழ்க் குரலும் உண்டு. அது தெற்கிலிருந்து வந்தது. நாசரேத்துப் பகுதியைச் சேர்ந்த அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை (1823-1918) நாடார் குலத்தவர். மிஷனரியோடு பிணக்கு ஒருபுறம். சாணார்களைத் தாழ்வாகச் சித்திரித்து 1849-இல் கால்டுவெல் எழுதிய நூல் தந்த காயம் மறுபுறம். 1857-இல் அவர் ஐரோப்பியத் தொடர்பை அறுத்துக்கொண்டு பிரகாசபுரத்தை மையமாகக் கொண்டு தனிச்சபை கண்டார். அச்சபையினர் ஓய்வுநாளை ஞாயிறன்று அல்லாமல் சனியன்று கொண்டாடினர். பழைய ஏற்பாட்டின் பண்டிகைகளையும் தூய்மை விதிகளையும் கைக்கொண்டனர். தூபமிட்டுத் தரையில் விழுந்து வணங்கினர். திருவிருந்தில் புளிக்காத திராட்சை ரசத்தைப் பயன்படுத்தினர்.

பவுல் யூதரல்லாதோர்மீதிருந்து இறக்கிவைத்த சுமையை இவர்கள் விரும்பிச் சுமந்தது ஏன்? சட்டம்பிள்ளையின் பார்வையில், மிஷனரிகள் சட்டமற்ற தூய நற்செய்தியைக் கொண்டுவரவில்லை. ஞாயிறும் மதுவும் நாற்காலியும் ஐரோப்பிய ஆசாரங்கள். அவர்கள் அவற்றைச் சட்டம் என்று அழைக்கவில்லை, அவ்வளவே. ஆசாரம் இல்லாத சமயமே இல்லையென்றால், வேதத்தில் எழுதியிருக்கும் ஆசாரத்தைப் பின்பற்றுவதே நேர்மை. அது தமிழர் வழக்கத்துக்கு நெருக்கமாகவும் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். பிறர் வழக்கத்துக்கு நாம் வைக்கும் பெயர் சட்டம், நம்முடைய சட்டத்துக்கு நாம் வைக்கும் பெயர் வழக்கம் என்ற உண்மையை இவ்வளவு துணிச்சலோடு போட்டுடைத்தவர் தமிழ்க் கிறித்தவத்தில் வேறு எவரும் இல்லை என்றே தோன்றுகிறது. அவமதிக்கப்பட்ட ஒரு சமூகம் தன் மானத்தை மீட்டுக்கொள்ளச் சட்டம் உதவியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தூய்மை விதிகளுக்கு எப்போதும் ஒரு வெளிப்புறம் உண்டு. பந்தி இடம் மாறியது; அதற்கு வெளியே யாரோ ஒருவர் நிற்பது மாறவில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் நீதிமானாக்கப்படுவது பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மீட்பு அருளால் வருவது, நற்செயல் அதன் கனி என்ற அடிப்படையில் இரு தரப்பும் உடன்பட்டன. திரெந்துக்கும் லூத்தருக்கும் இடையே நானூற்றைம்பது ஆண்டுகளாக நின்ற வழக்கு பெருமளவுக்கு முடிந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2008 மார்ச்சில், விழுப்புரம் வட்டாரத்து இறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறித்தவருக்கும் தலித் கிறித்தவருக்கும் மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஆன்மாவின் கணக்கு ஆக்ஸ்பர்க்கில் தீர்ந்தது. அந்தக் கணக்கு எதிலிருந்து முளைத்ததோ அந்தப் பந்தியின் கணக்கு தீரவில்லை.

சட்டம் மீட்குமா என்ற கேள்விக்கு இக்கதைகளைப் படித்துவிட்டு ஆம், இல்லை என்று விடை சொல்ல நமக்குத் துணிவில்லை. தூர்னோனின் சட்டம் குடிசைக்குள் குருவை அனுப்பியது; அருளை நம்பியவர்கள் அதைச் செய்ய மறுத்தபோது செய்தது. வில்சனின் சட்டம் இருக்கைகளைக் கலைத்தது; இதயங்களை அதனால் கலைக்க இயலவில்லை. அருள் போதும் என்பதும் சட்டம் வேண்டும் என்பதும் தம்மளவில் நல்லவையுமல்ல, தீயவையுமல்ல. அவை ஒருவரைப் பந்தியில் உட்கார வைக்கச் சொல்லப்படுகின்றனவா, எழுப்பிவிடச் சொல்லப்படுகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பிறகு இறையியலுக்குள் நுழைவது நலம். இராமானுசர் இல்லம் திரும்பியபோது இலை எடுக்கப்பட்டிருந்தது, தரை மெழுகப்பட்டிருந்தது, எல்லாம் ஆசாரப்படியே நடந்திருந்தது. இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அதுவும் எல்லார் மனமும் புண்படாதபடியே நடந்தது. பூந்தமல்லிக்கும் வேப்பேரிக்கும் இடையே, வேலப்பன்சாவடியில் பேருந்துக்காக நிற்கையில், இந்த இருவரும் அந்தப் பழைய சாவடியில் ஒருநாள் சந்தித்திருந்தால் யார் சமைத்ததை யார் உண்டிருப்பார் என்ற எண்ணம் நமக்கு வருகிறது. இராமானுசர் தயங்கியிருக்கமாட்டார் என்றே நம்ப விரும்புகிறோம்.